டாலஸ்ல இருந்து ஸ்டார்ம் சேஸிங் கிளம்புறவங்களுக்கு: லேப்டாப் ரேடார்ல ஜிபிஎஸ் புள்ளியை ஒழுங்கா வரவைக்கிறது எப்படி

ஸ்டார்ம் சேஸிங்னா டொர்னாடோ வரக்கூடிய புயல் மேகத்த வண்டில துரத்திப் போய்ப் பாக்குறது. அதுக்கு ரேடார் படத்துல நம்ம வண்டி எங்க இருக்குன்னு ஒரு புள்ளியா தெரியணும், அதப் பத்தித்தான் இது. வெர்னன்னு ஒரு சின்ன ஊரு, டெக்சஸ்ல, விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி 287 ஹைவேயில 50 மைல். அங்க ஒரு கேஸ் ஸ்டேஷன்ல வண்டிய நிப்பாட்டிட்டு, மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு, தானா ஓடுற மவுஸ் கர்சரத் துரத்திக்கிட்டு இருந்தேன். மேற்குல மேகம் காலிஃபிளவர் மாதிரி கொதிச்சு மேல ஏறுது, இங்க கர்சர் பேய் பிடிச்ச மாதிரி ஸ்க்ரீன் முழுக்க குதிக்குது, அதுபாட்டுக்கு ஃபோல்டர்லாம் திறக்குது மூடுது. வைரஸ்னு நெனச்சு வைஃபைய ஆஃப் பண்ணேன், அதோட ரேடாரும் போச்சு. கடைசியில பாத்தா 35 டாலருக்கு வாங்கின ஜிபிஎஸ் ரிசீவர, லேப்டாப் மவுஸுன்னு நெனச்சிருக்கு. அன்னிக்கு மேகத்த நாங்க பாத்ததெல்லாம் முதுகுப் பக்கம்தான்.

அதுக்கப்புறம் ரெண்டு சீசன் அடிபட்டு கத்துக்கிட்டத எழுதுறேன், நம்மாளுங்க யாராவது டாலஸ், ஆஸ்டின், ஓக்லஹோமா பக்கம் புதுசா வந்து இந்தக் கிறுக்கு பிடிச்சு அலையறவங்களுக்கு உதவட்டும். விண்டோஸ் லேப்டாப், யூஎஸ்பி ஜிபிஎஸ், ஜிஆர்லெவல்3 ரேடார் சாஃப்ட்வேர், இந்த மூணையும் சேர்த்து வச்சுத்தான் சொல்றேன். வேற சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் முக்கால்வாசி இதேதான், பட்டன் இருக்குற இடம் மட்டும் மாறும்.

1. முதல்ல இது உங்களுக்கு வேணுமான்னு பாருங்க

போன்ல ரேடார்ஸ்கோப்ங்கற ரேடார் ஆப்ப போட்டா நீல புள்ளி தானா வந்துடும், எந்த ஒயரும் வேணாம். வருஷத்துக்கு ஒரு நாள் வேடிக்கை பாக்கப் போறவங்களுக்கு அது போதும், இந்தக் கட்டுரைய இங்கயே மூடிடலாம். ஐபேட் வாங்கி ஓட்டலாம்னு நெனைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, வைஃபை மட்டும் இருக்குற மாடல்ல ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, சிம் போடுற மாடல்லதான் இருக்கு. வீட்டுல வைஃபைய வச்சு இடத்தக் கரெக்டா காட்டும், ஹைவேக்கு வந்ததும் திருதிருன்னு முழிக்கும்.

லேப்டாப் எப்ப வேணும்னா, வண்டில ரெண்டு பேரு போறீங்க, ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பெரிய ஸ்க்ரீன்ல ரிஃப்ளெக்டிவிட்டியும் (மழை எவ்வளவு பலம்னு காட்டுற படம்) வெலாசிட்டியும் (காத்து வேகம் காட்டுற படம்) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், தெருப்பேரும் தெரியணும், நம்ம வண்டி எங்க இருக்குன்னும் தெரியணும்னு நெனைக்கும்போதுதான். தனியா போறவங்க லேப்டாப்ப நெனைக்கவே வேணாம். ஓட்டிக்கிட்டே பாக்கறது ஆபத்து, அதோட டிரைவர் கண்ணுல படுற மாதிரி ஸ்க்ரீன் வைக்கறதுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி சட்டம் இருக்கு, போலீஸ் நிறுத்தினா "சார் மழை பாக்குறேன்"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

2. என்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்

ஜிபிஎஸ் ரிசீவர்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு குளோபல்சாட் பியூ-353எஸ்4 மாதிரி மெதுவடை சைஸ்ல வட்டமா, அடியில காந்தம் வச்சு வர்றது, இதைத்தான் பக்குன்னு சொல்றாங்க, சேஸிங் பண்றவங்க ரொம்ப வருஷமா வச்சிருக்குறது இதுதான். நான் வாங்கினப்போ 35 டாலர். இன்னொண்ணு யூ-பிளாக்ஸ் சிப் போட்ட சின்ன பக்கு இல்லன்னா பென்டிரைவ் மாதிரி குச்சி, 15 டாலருக்குக் கூட கிடைக்குது. குச்சி வாங்காதீங்க, அது லேப்டாப்போட ஒட்டிக்கிட்டு கார் கூரைக்கு அடியிலயே இருக்கும், வானமே தெரியாது. ஒயரோட இருக்குறதா பாத்து வாங்குங்க.

ஜிஆர்லெவல்3 சுமார் 80 டாலர், ஒரு தடவை கட்டினா போதும். ட்ரையலும் உண்டு, அதனால மொதல்ல ட்ரையல்ல ஜிபிஎஸ் ஓடுதான்னு பாத்துட்டு காசு கட்டுங்க. ரேடார் டேட்டா நேஷனல் வெதர் சர்வீஸோடது, பொதுச்சொத்து, ஐயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டி சர்வர்ல இருந்து இலவசமாவே எடுக்கலாம். மாதச் சந்தா வாங்கிட்டுத் தர்ற கம்பெனியும் இருக்கு, மின்னல் டேட்டா மாதிரி கூடுதல் விஷயம்லாம் அதுல வரும், ஆனா முதல் சீசனுக்கு அது தண்டச் செலவு.

இதோட 65 வாட் யூஎஸ்பி-சி கார் சார்ஜர் ஒண்ணு, யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒண்ணு. எல்லாம் சேர்த்து எனக்கு 160 டாலர் கிட்ட ஆச்சு.

எப்ப வாங்கணும்னா, பிப்ரவரியிலயே. இங்க சீசன் ஏப்ரல்ல சூடு பிடிச்சு மே மாசம் உச்சத்துக்குப் போகும். ஏப்ரல் கடைசியில ஆர்டர் பண்ணி வியாழக்கிழமை பார்சல் வந்து வெள்ளிக்கிழமை கிளம்பின ஆளு நான், அதோட பலன்தான் மேல சொன்ன வெர்னன் கதை.

3. டிரைவர், பாதிப் பேர் விழுற பள்ளம்

இங்க டிரைவர்னா வண்டி ஓட்டுறவர் இல்ல, பக்க லேப்டாப்புக்குப் புரியவைக்கிற சாஃப்ட்வேர். பக்க லேப்டாப்ல சொருகினதும் விண்டோஸோட டிவைஸ் மேனேஜரத் திறங்க. போர்ட்ஸ்ங்கற தலைப்புக்குக் கீழ புதுசா ஒரு வரி வந்து அதுல காம்4, காம்7ன்னு ஏதாவது நம்பர் (பக்கு டேட்டா அனுப்புற காம் போர்ட்டோட நம்பர்) இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, நாலாவது படிக்குப் போயிடுங்க. அப்படி வரலைன்னா ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கும்.

மஞ்சள் முக்கோணம் வந்து கோட் 10ன்னு எரர் காட்டுதா? பக்குக்குள்ள யூஎஸ்பிய சீரியலா மாத்துற புரோலிஃபிக் பிஎல்2303 சிப் இருக்கும், அதுல பழைய வகைகளுக்கு புது டிரைவர் வேலை செய்யாது. சந்தையில போலி சிப் ஏகத்துக்கும் வந்ததால கம்பெனிக்காரங்களே புது டிரைவர்ல கதவ மூடிட்டாங்க, சிலதுல "2012-லயே நிறுத்தியாச்சு, வித்தவங்ககிட்ட கேளு"ங்கற அர்த்தத்துல டிவைஸ் பேருலயே எழுதி வரும். வழி என்னன்னா, பழைய வெர்ஷன் டிரைவர இறக்கி, டிவைஸ் மேனேஜர்ல அப்டேட் டிரைவர் போய், கம்ப்யூட்டர்ல இருந்து நானே தேர்ந்தெடுக்குறேன்ங்கற ஆப்ஷன்ல கையால பழசத் தேர்வு பண்ணணும். விண்டோஸ் அப்டேட் ஆனா திரும்பப் புதுசுக்கு மாறிக்கும், அதனால கிளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி அப்டேட்ட ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைங்க. வாங்கி 30 நாளுக்குள்ளன்னா மல்லுக்கட்டாம திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

ரெண்டாவது, யூ-பிளாக்ஸ் வாங்கினவங்களுக்கு. போர்ட்ஸ்ல ஒண்ணுமே இருக்காது, எரரும் இருக்காது, கீழ சென்சார்ஸ்ங்கற தலைப்புல லொகேஷன் சென்சார்னு சமத்தா உக்காந்திருக்கும். விண்டோஸ் அத தனக்குன்னு எடுத்துக்கிச்சு, மேப்ஸ் ஆப்புக்கெல்லாம் வேலை செய்யும், ஆனா காம் போர்ட் இல்லாததால ரேடார் சாஃப்ட்வேருக்கு அது கண்ணுலயே படாது. அதே அப்டேட் டிரைவர் வழியில போய் லிஸ்ட்ல யூஎஸ்பி சீரியல் டிவைஸ்ங்கறத தேர்ந்தெடுத்தா உடனே போர்ட்ஸுக்கு இடம் மாறிடும். இத கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு, மத்தியானம் சாப்பாடு கூட லேப்டாப் முன்னாடிதான்.

4. காம் போர்ட் நம்பரும் பாட் ரேட்டும்

காம் நம்பர ஒரு பேப்பர்ல எழுதி லேப்டாப்ல ஒட்டுங்க. எந்த யூஎஸ்பி ஓட்டையில சொருகினீங்களோ அந்த ஓட்டைக்கும் மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க. ஏன்னா பெரும்பாலான பக்குகள வேற ஓட்டையில சொருகினா வேற காம் நம்பர் வந்துடும், நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலன்னு தலைய பிச்சுக்குவீங்க. இப்படியே மாத்தி மாத்தி சொருகி நம்பர் 10, 11ன்னு ஏறிடுச்சுன்னா சில பழைய சாஃப்ட்வேர் அத லிஸ்ட்லயே காட்டாது. டிவைஸ் மேனேஜர்ல அந்தப் போர்ட்டோட ப்ராபர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போனா நம்பர நீங்களே 3 இல்ல 4ன்னு மாத்திக்கலாம். "ஏற்கனவே பயன்பாட்டுல இருக்கு"ன்னு மிரட்டும், அந்த நம்பர்ல நெஜமாவே வேற எதுவும் சொருகலைன்னா பயப்படாம ஓகே குடுங்க.

பாட் ரேட்ங்கறது டேட்டா வர்ற வேகம். ஜிபிஎஸ் பேசுற பாஷை என்எம்இஏ 0183, அதோட வழக்கமான வேகம் 4800. பியூ-353எஸ்4க்கு அதுதான். யூ-பிளாக்ஸ் பொதுவா 9600, ஆனா நேரடியா யூஎஸ்பில வர்ற யூ-பிளாக்ஸுக்கு நீங்க எந்த நம்பர் போட்டாலும் கண்டுக்காது. மீதி எல்லாம் 8 பிட், பேரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1, இத யாரும் மாத்தத் தேவையில்ல.

அப்படியே பவர் செட்டிங்கையும் முடிச்சுடுங்க. யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல, கரண்ட்ட மிச்சம் பிடிக்க இந்த டிவைஸ ஆஃப் பண்ணலாம்ங்கற டிக்க எடுத்துடுங்க, பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் ஆஃப் பண்ணுங்க. இத விட்டா என்ன ஆகும்னு கடைசில சொல்றேன், ரொம்ப மோசமான தப்பு அதுதான்.

5. ரேடாரத் தொடுறதுக்கு முன்னாடி டேட்டாவ பச்சையா பாருங்க

எல்லாரும் தாண்டிப் போற படி இது. புட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத இறக்கி, சீரியல்ங்கறத தேர்ந்தெடுத்து, காம் நம்பரும் 4800-ம் போட்டுத் திறங்க. ரிசீவர ஜன்னலுக்கு வெளிய வைங்க. கருப்புத் திரையில நொடிக்கு நாலஞ்சு வரி ஓடும். இங்கிலீஷ் எழுத்துல வரும், நான் நம்ம எழுத்துல எழுதிக் காட்டுறேன்:

$ஜிபிஆர்எம்சி, 221530, ஏ, 3409.27, என், 09915.90, டபிள்யூ, 52.1 ...

இந்த ஒரு வரியப் படிக்கத் தெரிஞ்சாலே பாதிப் பிரச்சனை தீந்துது. மொத நம்பர் நேரம், 22:15:30, ஆனா யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். கோடையில நம்ம சென்ட்ரல் டைமுக்கு 5 மணி நேரம் கழிக்கணும், அதாவது சாயங்காலம் 5:15. ஊர் பழக்கத்துல அஞ்சரை மணி நேரம் கூட்டிடாதீங்க, நான் கூட்டிட்டு "ஜிபிஎஸ் கடிகாரம் ரிப்பேர்"ன்னு கடைக்காரருக்கு மெயில் போட்டவன். ரேடார் படத்துலயும் இதே யூடிசிதான் வரும், பக்கத்துல இசட் எழுத்து போட்டிருக்கும்.

அடுத்த ஏ எழுத்துதான் உயிர்நாடி. ஏ-ன்னு இருந்தா சாட்டிலைட் பிடிச்சாச்சு, இடம் சரி. அங்க வி இருந்தா இன்னும் பிடிக்கல, பின்னாடி வர்ற எதையும் நம்பாதீங்க. அப்புறம் 3409.27ன்னா 34.0927 டிகிரி இல்லீங்க, 34 டிகிரி 09.27 நிமிஷம், டிகிரியில சொன்னா 34.1545. இத அப்படியே மேப்ல டைப் பண்ணிப் பாத்து "நாலு மைல் தள்ளிக் காட்டுது"ன்னு புலம்புறவங்க உண்டு. கடைசி 52.1 வேகம், அதுவும் நாட்ங்கற கடல் மைல் கணக்குல, மாத்தினா மணிக்கு 60 மைல்.

திரையில கோழி கிறுக்கின மாதிரி குப்பை எழுத்தா வந்தா பாட் ரேட் தப்பு, 9600 போட்டுப் பாருங்க. ஒண்ணுமே வரலைன்னா காம் நம்பர் தப்பு. நல்லா ஓடுது ஆனா வரிகள் ஜிபிக்கு பதிலா ஜிஎன்-னு ஆரம்பிக்குதுன்னா, பக்கு அமெரிக்க ஜிபிஎஸ்ஸோட ரஷ்யாவோட குளோனாஸையும் சேர்த்துப் பிடிக்குதுன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான், ஆனா ஜிபி-ன்னு ஆரம்பிக்குற வரிய மட்டும் எதிர்பாக்குற பழைய சாஃப்ட்வேருக்கு இது புரியாது, டேட்டா வந்தும் புள்ளி வராது. யூ-பிளாக்ஸ்காரங்க யூ-சென்டர்னு இலவசமா ஒண்ணு குடுக்கறாங்க, அதுல என்எம்இஏ செட்டிங்ல மெயின் டாக்கர் ஐடிய ஜிபி-ன்னு மாத்தலாம்.

புது பக்குன்னா மொத தடவை பொறுமையா இருங்க. சாதாரணமா அரை நிமிஷத்துல பிடிச்சுடும், ஆனா சாட்டிலைட்டுங்க தங்களோட முழு அட்டவணையையும் அனுப்பி முடிக்க 12.5 நிமிஷம் ஆகும், அதனால முதல் நாள் வெட்டவெளியில கால் மணி நேரம் விட்டுடுங்க. பியூ-353ல விளக்கு அணையாம எரிஞ்சா இன்னும் தேடுது, விட்டுவிட்டு மின்னினா பிடிச்சாச்சு. நிறைய பேர் இத தலைகீழா நெனச்சுக்கறாங்க.

எல்லாம் பாத்து முடிச்சதும் புட்டிய மூடிடுங்க. இத மறக்காதீங்க, காரணம் ஏழாவது படில.

6. ஜிஆர்லெவல்3ல சேக்குறது

இவ்வளவு தூரம் வந்துட்டீங்கன்னா இது ரெண்டு நிமிஷ வேலை. ஜிபிஎஸ் செட்டிங்ல அதே காம் நம்பர், அதே பாட் ரேட், ஓகே. புள்ளி வந்துடும். மேப்ப புள்ளியோட சேர்த்து நகர்த்துற ஆப்ஷன் இருந்தா ஹைவேல ஓடும்போது ஆன், வண்டிய நிறுத்தி மேகத்த ஆராயும்போது ஆஃப், இல்லன்னா நீங்க மேப்ப மேற்க இழுக்க இழுக்க அது உங்கள கிழக்க இழுக்கும்.

ரேடார் எதுன்னும் நீங்கதான் தேர்ந்தெடுக்கணும், புள்ளி நகர்ந்தா ரேடார் தானா மாறும்னு நம்பி உக்காராதீங்க. ஒவ்வொரு ரேடாருக்கும் ஒரு கோட் பேரு உண்டு. டாலஸ்ல கிளம்பும்போது கேஎஃப்டபிள்யூஎஸ், விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி வெர்னன் பக்கம் போனா ஃபிரெடெரிக்ல இருக்குற கேஎஃப்டிஆர், அமரில்லோ பக்கம் கேஏஎம்ஏ, ஓக்லஹோமா சிட்டிக்கு கேடிஎல்எக்ஸ். தூரம் ரொம்ப முக்கியம். ரேடார்ல இருந்து 60 மைல் தள்ளி இருந்தா, கீழ்மட்ட அரை டிகிரி பீமோட நடுப்பகுதி கூட தரையில இருந்து சுமார் 4,500 அடி உயரத்துலதான் போகும், தரையை ஒட்டி நடக்குறது அதுக்குத் தெரியாது.

7. ஒரு பக்கு, ரெண்டு சாஃப்ட்வேர்

காம் போர்ட்டுங்கறது பழைய காலத்து லேண்ட்லைன் மாதிரி, ஒருத்தர் பேசிக்கிட்டிருந்தா இன்னொருத்தருக்கு என்கேஜ்டு. புட்டிய மூடாம விட்டா ரேடார் சாஃப்ட்வேருக்கு போர்ட் கிடைக்காது. அதே மாதிரி ஸ்பாட்டர் நெட்வொர்க்குக்கு (புயல் பாக்கப் போறவங்க தாங்க இருக்குற இடத்தையும் பாத்ததையும் அனுப்புற ஆன்லைன் அமைப்பு) லேப்டாப்ல இருந்து இடத்த அனுப்புற கிளையன்ட் ஓடிக்கிட்டிருந்தாலும் கிடைக்காது. இதுக்குன்னு ஒரே ரிசீவரோட டேட்டாவ பல சாஃப்ட்வேருக்குப் பிரிச்சுக் குடுக்குற சாஃப்ட்வேர் உண்டு, ஜிபிஎஸ்கேட்னு ஒண்ணு காசுக்கு, காம்0காமும் ஹப்4காமும் சேர்த்துப் போட்டா இலவசத்துக்கு. இலவசத்துல கையெழுத்தில்லாத டிரைவர்னு 64 பிட் விண்டோஸ் தகராறு பண்ணும், கையெழுத்து போட்ட வெர்ஷனா பாத்துத் தேடி எடுக்கணும்.

என் யோசனை கேட்டா இந்த வம்பே வேணாம். ஸ்பாட்டர் நெட்வொர்க்க போன்ல இருந்து அனுப்புங்க, ரேடார்ஸ்கோப்லயே அந்த வசதி இருக்கு. பக்கு முழுக்க ரேடாருக்கு மட்டும். ஓடுற வண்டில உடைய வாய்ப்புள்ள பொருள் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நிம்மதி.

8. மவுஸ் பேய ஓட்டுறது

ஆரம்பத்துல சொன்ன கதை. பக்கு சொருகின நொடியில இருந்து சீரியல் போர்ட்ல டேட்டா கொட்டிக்கிட்டே இருக்குமா, பூட் ஆகுற லேப்டாப் அதப் பாத்துட்டு "ஓ, பழைய சீரியல் மவுஸ்"ன்னு முடிவு பண்ணிடும், ஒவ்வொரு நம்பரும் கர்சர் அசைவா, கிளிக்கா மாறிடும். தடுக்கறது சுலபம், லேப்டாப் முழுசா ஆன் ஆகி டெஸ்க்டாப் வந்தப்புறம்தான் பக்க சொருகணும்.

அப்படியும் வந்துட்டா மவுஸத் தொடாதீங்க, கீபோர்டுலயே போங்க. விண்டோஸ் கீயும் எக்ஸும், அப்புறம் எம், டிவைஸ் மேனேஜர் திறக்கும். அம்புக்குறிய வச்சு கீழ இறங்கி மவுஸ் தலைப்புல மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்னு ஒண்ணு இருக்கும், ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி டிசேபிள் குடுங்க. அன்இன்ஸ்டால் குடுக்காதீங்க, அடுத்த பூட்ல திரும்ப வந்து நிக்கும்.

9. கார்ல வைக்கிறது

பக்கு கூரை மேல, காந்தம் பிடிச்சுக்கும், ஒயர கதவு ரப்பர் வழியா உள்ள எடுங்க. ஆலங்கட்டி அடிக்குற நேரம் வந்தா உள்ள டேஷ்போர்டுக்கு மாத்திக்கலாம், ஆனா சில காரோட கண்ணாடியில வெயில் தடுக்குற உலோகப் பூச்சு இருக்கும், அதுல சிக்னல் சொதப்பும், முன்கூட்டியே பாத்து வைங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர் சேர்த்து மொத்தம் 5 மீட்டர தாண்டாதீங்க. பக்கத்து யூஎஸ்பி 3 ஓட்டையில ஹார்ட் டிஸ்க் ஓடுனா அந்த இரைச்சலும் ஜிபிஎஸ்ஸ கெடுக்கும், தள்ளி வைங்க.

கரண்ட்டுக்கு இன்வெர்ட்டர விட யூஎஸ்பி-சி சார்ஜர் மேல். பல காரோட 12 வோல்ட் சாக்கெட் ஃபியூஸ் 10 ஆம்ப், அதாவது 120 வாட்தான். இன்வெர்ட்டர்ல லேப்டாப், அதுலயே கேமரா சார்ஜர், அதுலயே கூட வந்த மச்சானோட ஹேர் டிரையர்னு மாட்டினா ஃபியூஸ் போயிடும், ஹேர் டிரையர் நெஜமாவே நடந்தது. ஒரு ஃபியூஸ் பாக்கெட் கார்லயே கெடக்கட்டும், அஞ்சாறு டாலர்தான்.

10. பேப்பர் வேலை

ஸ்பாட்டர் நெட்வொர்க் கணக்கு இலவசம், ஆனா ஆன்லைன் பயிற்சி முடிச்சு டெஸ்ட் எழுதணும், கிளம்புற அன்னிக்குக் காலைல பண்ணிக்கலாம்னு வைக்காதீங்க. புயல கவனிக்கக் கத்துக்குடுக்க நேஷனல் வெதர் சர்வீஸ் நடத்துற ஸ்கைவார்ன் வகுப்பும் இலவசம், ஏறக்குறைய ரெண்டு மணி நேரம், சீசனுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடும், ஜனவரியில இருந்தே அவங்க அறிவிப்பப் பாருங்க. ஹாம் ரேடியோ லைசென்ஸ் கட்டாயமில்ல, ஆசைப்பட்டா 35 கேள்வில 26 சரியா எழுதணும், லைசென்ஸ் குடுக்குற அரசு ஆணையம் எஃப்சிசிக்கு 35 டாலர் கட்டணும், நம்ம விசாவுல இருக்குறவங்களும் எழுதலாம்.

இன்ஷூரன்ஸ்ல காம்ப்ரிஹென்சிவ் இருக்கான்னு பாருங்க, லயபிலிட்டி மட்டும் வச்சிருந்தா ஆலங்கட்டி உடைச்ச கண்ணாடிக்கு ஒரு காசு வராது. வாடகைக் கார்னா ஒப்பந்தத்துல தார் போடாத ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு பல இடத்துல எழுதியிருக்கும், ஜிபிஎஸ் மேப் சந்தோஷமா உங்கள மண் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகும், ஓக்லஹோமா செம்மண் ரோடு மழை பட்டா சோப்பு மாதிரி, அங்க மாட்டினா இழுத்துட்டு வர்ற செலவும் உங்க தலையில. கிரீன் கார்டோ ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு) பிரிண்ட்டோ கையில இருக்கணும்ங்கறது சட்டம், லைசென்ஸோட வச்சுக்கங்க. ரேடார் சாஃப்ட்வேரோட ரெஜிஸ்ட்ரேஷன் மெயிலையும் பிரிண்ட் எடுத்து கார்ல போடுங்க, சிக்னல் இல்லாத இடத்துல அது திரும்பக் கேட்டா மெயில் திறக்க முடியாது.

11. புள்ளி இப்போ, படம் அப்போ

ஜிபிஎஸ் புள்ளி நொடிக்கு ஒரு தடவை புதுசாகுது. ரேடார் அப்படி இல்ல. புயல் நேரத்துல எல்லா உயரத்தையும் ஒரு சுத்து சுத்தி முடிக்க நாலஞ்சு நிமிஷம், கீழ்மட்டத்த மட்டும் நடுவுல கூடுதலா ஒரு தடவை எடுக்கறாங்க, அப்புறம் அது சர்வருக்கு வந்து உங்க ஹாட்ஸ்பாட் வழியா இறங்கணும். மணிக்கு 40 மைல் வேகத்துல வர்ற மேகம் அஞ்சு நிமிஷத்துல மூணு மைலுக்கு மேல நகர்ந்திருக்கும். ஸ்க்ரீன்ல ஹூக்குக்கும் (டொர்னாடோ இருக்கலாம்னு காட்டுற கொக்கி வடிவம்) உங்க புள்ளிக்கும் மூணு மைல் இருந்தா, ஜன்னலுக்கு வெளிய எவ்வளவு மிச்சம்னு நீங்களே கணக்கு போடுங்க. பல ரேடார சேர்த்து ஒட்டின மொசைக் படம் இன்னும் மோசம், காக்பிட்ல விமானிங்க பாக்குற அந்த மாதிரிப் படத்துல காட்டுற நேரத்த விட உண்மையில 15, 20 நிமிஷம் கூட பழசா இருக்கலாம்னு அமெரிக்காவோட போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012-லயே எச்சரிக்கை விட்டிருக்கு. அதனால ஒத்த ரேடார் படத்த மட்டும் பாருங்க.

2013 மே 31, ஓக்லஹோமாவுல எல் ரினோ. 2.6 மைல் அகலத்துக்கு விரிஞ்ச டொர்னாடோ, திடீர்னு திசையும் வேகமும் மாறிச்சு. 8 பேர் இறந்தாங்க, அதுல மூணு பேர் டொர்னாடோ ஆராய்ச்சி பண்ணின டிம் சமராஸ், அவர் பையன் பால், கூட்டாளி கார்ல் யங். புதுசா வந்தவங்க இல்ல, இந்த வேலையில ரொம்ப ஜாக்கிரதையானவர்னு பேரெடுத்தவர் சமராஸ்.

இப்ப நாலாவது படில பாக்கி வச்ச விஷயம். சைல்ட்ரஸ்ங்கற டெக்சஸ் ஊர தாண்டி ஒரு கவுன்ட்டி ரோட்டுல போயிட்டிருந்தோம், நான்தான் ஓட்டினேன், மச்சான் மடியில லேப்டாப். "கோர் நமக்கு வடக்க இருக்கு, இப்படியே கிழக்க போ"ங்கறான். கோர்னா மழையும் ஆலங்கட்டியும் கொட்டுற நடுப்பகுதி. வடக்கப் பாத்தா நீல வானம். தெற்கதான் கன்னங்கரேல்னு இருக்கு. வண்டிய ஓரங்கட்டிட்டு "புள்ளி எங்க இருக்கு?"ன்னேன். எட்டு மைலுக்கு முன்னாடி தாண்டின ஒரு சந்திப்புல அசையாம நின்னுக்கிட்டிருக்கு. கரண்ட்ட மிச்சம் பிடிக்க லேப்டாப் யூஎஸ்பிய தூங்க வச்சிருக்கு, அப்ப வச்சிருந்த சாஃப்ட்வேர் எரரும் காட்டாம கடைசியா தெரிஞ்ச இடத்துலயே புள்ளிய வச்சிருக்கு. புள்ளி இல்லாம இருந்தா சந்தேகமாவது வந்திருக்கும், நின்னுபோன புள்ளிய நம்பிட்டோம்.

அன்னில இருந்து எங்க வண்டில ஒரு பழக்கம். ஒவ்வொரு சந்திப்புலயும் நான் போர்டுல இருக்குற ரோட்டு நம்பர சத்தமா படிப்பேன், மச்சான் ஸ்க்ரீன்ல புள்ளி அங்க இருக்கான்னு பாத்துட்டு "இருக்கு"ன்னு சொல்லணும், கூடவே படம் எத்தனை நிமிஷம் பழசுன்னும் சொல்லணும். சொல்லலன்னா வண்டி தெற்க திரும்பாது.

12. கிளம்புற அன்னிக்கு

லேப்டாப்ப ஆன் பண்ணி முழுசா ஏறவிட்டு, மார்க்கர் வச்ச ஓட்டையில பக்க சொருகி, விளக்கு மின்னுதான்னு பாத்து, ரேடாரத் திறந்து, வீட்டுத் தெருவுல ஒரு ரவுண்டு அடிங்க. புள்ளி கூடவே வந்தா பெட்டிய ஏத்துங்க. பேப்பர் மேப்பும் ஒண்ணு எடுத்துக்கங்க, ஓக்லஹோமா பேன்ஹேண்டில் பக்கமும் கான்சஸ் ஃப்ளின்ட் ஹில்ஸ் பக்கமும் மைல் கணக்குல போன் சிக்னல் இருக்காது, அங்க ஜிபிஎஸ் ஓடும், ரேடார் ஓடாது. வெர்னன்ல டேங்க்க நிரப்பிடுங்க, சைல்ட்ரஸ் வரைக்கும் பெருசா ஊர் இல்ல. பாத்ரூமும் அங்கயே முடிச்சுக்கங்க.